வண்டிக்குள் தண்ணீர்: 12 வோல்ட் பம்ப், ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

டெம்போ டிராவலரை வீடு மாதிரி மாற்றியபோது செங்கோட்டையில் ஒரு கடையில் வாங்கிய டயஃப்ரம் பம்ப் (உள்ளே ஒரு சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை) இது. ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று ஒரு வருடமாக எங்களோடு மலை ஏறி இறங்குகிறது. குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், உடனே பிரஷர் சுவிட்ச் மோட்டாரை ஓடவிடும், மூடினால் அழுத்தம் ஏறித் தானாக நின்றுவிடும். மாடித் தொட்டி மாதிரி உயரம் எதுவும் வேண்டாம், தொட்டி சீட்டுக்கு அடியில் இருந்தும் ஷவர் நன்றாக வருகிறது.

குறை சத்தம்தான். குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் நின்று நின்று தடதடக்கும், ராத்திரியில் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். கடைக்கார அண்ணாச்சியிடம் சொன்னேன். பம்பை அடுத்து ஒரு சின்ன அக்யுமுலேட்டர் தொட்டி போட்டுக் கொடுத்தார்: உள்ளே ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். கொஞ்சம் தண்ணீர் எடுத்தால் அந்தக் காற்றே தள்ளிவிடும், பம்ப் ஓட வேண்டியதில்லை. அப்புறம் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

வாங்குபவர்கள் பம்புக்கு முன்னால் வடிகட்டி வலையைக் கட்டாயம் போடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் வரும் மணல் வால்வில் சிக்கினால் அழுத்தம் நிற்காது. யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் அவ்வப்போது ஓடினால் கசிவையும் பாருங்கள். மலை வளைவுகளில் குலுங்கி எங்கள் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று தளர்ந்தே போனது. வண்டி ஓடும்போது பம்புக்கு மின்சாரம் போகும் சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது.