தி கிளாஸ் மெனாஜரி பேப்பர்பேக்: அந்த அம்மாவுக்காகவே வாங்கலாம்

நாலு ஸ்டார் குடுக்கறேன். ஒரு ஸ்டார் குறைச்சது அச்சுக்கும் பேக்கிங்குக்கும்தான், அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் எழுதுன இந்த நாடகத்துல குறை சொல்ல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதை கீழ சொல்றேன்.

எம்.ஏ. படிக்கறப்ப இந்த நாடகம் எங்களுக்கு பாடம், ஆனா புத்தகத்த வாங்கல, சீனியர் குடுத்த நோட்ஸ்தான், அதுல அமெண்டா ஒரு அடக்கி ஆளுற அம்மான்னு ஒரு வரி, பரீட்சைல அதையே எழுதி பாஸும் ஆயாச்சு. போன மாசம்தான் ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட் காப்பி ஒண்ணு ஆர்டர் பண்ணேன். வெறும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு அனுப்பி அட்டை மூலை மடங்கி வந்துச்சு, எழுத்து ரொம்பப் பொடிசு, மேடைக் குறிப்பெல்லாம் சாய்வெழுத்துல இருக்கறதால ராத்திரில படிச்சா கண்ணு வலிக்குது. வாங்கறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, இதுல ரெண்டு விதமான பதிப்பு உண்டு, நடிக்கறவங்களுக்குன்னு போட்டதுல பின்னாடி திரைல வரி, படமெல்லாம் காட்டற உத்தி இருக்காது, படிக்கறதுக்குன்னு போட்டதுல அதுவும் வில்லியம்ஸ் எழுதுன தயாரிப்புக் குறிப்பும் சேந்து இருக்கும். ரெண்டாவதையே வாங்குங்க.

மூணாவது சீன்ல அமெண்டா ஒருத்தங்களுக்கு போன் பண்றா. பத்திரிகை சந்தா பிடிச்சுக் குடுக்கறதுதான் வேலை, ஆனா எடுத்ததும் அதைப் பேசல, உங்க சைனஸ் எப்படி இருக்குன்னு ஆரம்பிச்சு, பாவம்பாவம்னு சொல்லி, அப்புறம் மெதுவா சந்தா முடியப்போகுதே, புதுத் தொடர்கதை வருதேன்னு வர்றா, அதுக்குள்ள அந்தப் பக்கம் அடுப்புல ஏதோ கருகுது, போய்ப் பாருங்க நான் லைன்லயே இருக்கேன்னு இவ சொல்றா, அந்தம்மா போன வச்சுடுறா. அந்த போன் பேச்சு அவ்வளவுதான், ஒரு பக்கம் கூட வராது. நான் புத்தகத்த மூடி வச்சுட்டேன். எங்கம்மா வீட்டுல வச்சு நைட்டியும் இன்ஸ்கர்ட்டும் வித்தவங்க, எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல முட்டிவலி எப்படிக்கா இருக்குன்னு கேட்டுட்டுதான் பையப் பிரிப்பாங்க. அடக்கி ஆளுற அம்மான்னு நான் எழுதுன பதில் அப்ப ஞாபகம் வந்து ரொம்ப சங்கடமாப் போச்சு.

அதுக்கப்புறம்தான் வில்லியம்ஸோட வீட்டைப் பத்தி தேடித்தேடிப் படிச்சேன். அம்மா எட்வினா பாதிரியார் வீட்டுப் பொண்ணு, அப்பா ஊர் ஊராப் போய் ஷூ விக்கறவர். 1918ல அப்பாவுக்கு செயின்ட் லூயிஸ்ல ஷூ கம்பெனி ஆபீஸ்ல வேலை கெடச்சு மிசிசிப்பிய விட்டு குடும்பமே அங்க போச்சு, ஊர்ல இருந்த மரியாதையெல்லாம் போயி வாடகை வீடு, குடி, சண்டைன்னு ஆயிடுச்சு. இதுல நான் கவனிச்சது, நிஜத்துல அப்பா வீட்டுலயேதான் இருந்தார், சம்பளமும் வந்துச்சு, ஆனா நாடகத்துல அவரைத் தூக்கிட்டு செவுத்துல சிரிக்கற ஒரு போட்டோவா மாட்டிட்டார். அப்பாவ எடுத்ததும் வாடகை, கரண்ட் பில், பொண்ணோட எதிர்காலம்னு மொத்த கவலையும் அமெண்டா தலைல வந்து விழுது. அவ கத்தறது எதுக்குன்னு அங்கதான் புரியுது. அம்மாமேல கோபம் இருந்த பிள்ளை எழுதுனதுதான், இருந்தாலும் அம்மாவ வில்லி ஆக்க அவருக்கு மனசு வரல. இந்த நாடகத்தோட ராயல்டில பாதிய அம்மா பேருக்கே எழுதி வச்சுட்டார்.

நாடகத்துல அமெண்டாவோட பொண்ணு லாரா, கால் தாங்கி நடக்கறவ, அவதான் நிஜத்துல வில்லியம்ஸோட அக்கா ரோஸ். ரோஸ் வச்சிருந்த கண்ணாடி பொம்மைங்க, பிசினஸ் காலேஜ்ல சேந்து முடிக்க முடியாமப் போனது எல்லாமே லாராகிட்ட அப்படியே இருக்கு. ஆனா ரோஸ் கால் தாங்கி நடந்தவங்க இல்ல, சின்ன வயசுல டிஃப்தீரியா வந்து ரொம்ப நாள் நடக்க முடியாமக் கிடந்தது வில்லியம்ஸ்தான். தன்னோட காலத்தான் அக்காவுக்குக் குடுத்துட்டாரோன்னு எனக்குத் தோணுது, ஏன்னா அக்காவோட நிஜ நோய மேடைல வைக்க அவரால முடியல. ரோஸுக்கு 1937ல மனநோய்னு சொல்லி ஆஸ்பத்திரில சேத்தாங்க, 1943 ஜனவரில மூளைல லொபாட்டமி ஆபரேஷன் பண்ணிட்டாங்க, தம்பி அப்ப ஊர்ல இல்ல, மறுபடி பழைய ரோஸ் திரும்பவே இல்ல. அடுத்த வருஷம் டிசம்பர்ல இந்த நாடகம் சிகாகோல மேடை ஏறுது.

நான் சொன்ன அந்த ஒரு குறை இதுதான், லாராவுக்குப் பேச்சு ரொம்பக் கம்மி. அமெண்டாவோட பையன் டாம் விருந்துக்குக் கூப்பிட்ட ஜிம் வந்து மெழுகுவத்தி வெளிச்சத்துல உக்காந்து பேசற சீன்லதான் கொஞ்சம் நல்லா வாயத் திறக்கறா, அவளோட கண்ணாடி யூனிகார்ன், அதான் ஒத்தக் கொம்பு குதிரை பொம்மை, கொம்பு உடையறப்ப கூட அதனால என்ன, இனி மத்த குதிரைங்களோட ஒண்ணா இருக்கும்னு அவளே அவனுக்கு சமாதானம் சொல்றா. அவளுக்குன்னு இன்னும் ரெண்டு பக்கம் குடுத்திருக்கலாம்னு ஏக்கமா இருந்துச்சு. அந்த ஏக்கத்துக்குப் பதில் 1958ல வந்த அவரோட இன்னொரு நாடகம் 'சடன்லி லாஸ்ட் சம்மர்'ல கெடச்சுது, அதுல ஒரு பொண்ணு வாயடைக்கணும்னே மூளைல ஆபரேஷன் பண்ண ஒரு பணக்காரி ஏற்பாடு பண்றா, அந்தப் பொண்ணு கடைசில நின்னு எல்லாத்தையும் சொல்லி முடிக்கறா. ரோஸுக்கு நேரம் கடந்து பேச்சு கெடச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. ரோஸோட செலவையும் கடைசி வரைக்கும் அவர்தான் பாத்தார்.

இங்கிலீஷ் கஷ்டமா இருக்கும்னு தயங்கறவங்க 2004ல ஷ்யாமபிரசாத் எடுத்த மலையாளப் படம் 'அகலே'ல ஆரம்பிக்கலாம், இந்த நாடகம்தான், அம்மாவா ஷீலா, தேசிய விருது வாங்குன நடிப்பு. ஆனா புத்தகத்தோட கடைசில வர்ற ஒரு மேடைக் குறிப்ப மட்டும் படிச்சே ஆகணும். டாம் வெளிய நின்னு பேசிட்டிருக்கான், உள்ள அமெண்டா லாராவத் தேத்தறது கண்ணாடிக்குப் பின்னால நடக்கற மாதிரி தெரியுது, அவ குரல் நமக்குக் கேக்கல, குரல் கேக்காததால அவளோட அசட்டுத்தனமெல்லாம் போயி ஒரு கம்பீரம் வந்துருச்சுன்னு எழுதியிருக்கார்.

போன ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட அந்த போன் சீன தமிழ்ல சொல்லிக் காட்டுனேன். முழுசா கேட்டுட்டு, "பாவம், அப்புறம் வேற யாராவது சந்தா கட்டுனாங்களாடி?"ன்னாங்க.