மயங்கொலி அட்டைகள்: ர, ற-வுக்கு நம்பி வாங்கலாம், ழ-வுக்குப் போதாது

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக இணையத்தில் வாங்கிய மயங்கொலிச் சொல் அட்டைப் பெட்டி இது. மயங்கொலி என்றால் ர-ற, ல-ள-ழ போல ஒலியில் ஒன்றோடொன்று குழம்பும் எழுத்துகள். விலை 350 ரூபாய். ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல்லும் ஒரு குட்டி வாக்கியமும்.

ர, ற அட்டைகள் அருமை. எங்கள் வீட்டுப் பேச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கின்றன, ஆற்றங்கரையா சட்டைக் கறையா என்று காதை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது, படத்தோடும் வாக்கியத்தோடும் சேர்த்து மனத்தில் பதிய வைப்பதுதான் வழி, அதை இந்த அட்டைகள் நன்றாகச் செய்கின்றன. நான் வாக்கியத்தை வாசிப்பேன், அவள் அட்டையை எடுக்க வேண்டும். "ஏரிக்கரையில் ஏறி நின்றான்" என்றதும் ஏரி, கரை, ஏறி மூன்றையும் வரிசையாக எடுத்து வைத்தாள்.

ண, ன, ந குழப்பத்துக்கு உள்ளே ஒரு தாள் இருக்கிறது. ட-வுக்கு முன்னால் ண் (வண்டு), ற-வுக்கு முன்னால் ன் (கன்று), த-வுக்கு முன்னால் ந் (பந்து). டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று நாம் பள்ளியில் படித்ததுதான். அதைச் சுவரில் ஒட்டிய பிறகு அவள் 'வன்டி' என்று எழுதுவது நின்றுவிட்டது.

ஆனால் ல, ள, ழ விஷயத்தில் பெட்டி கைவிட்டுவிடுகிறது. வலி, வளி, வழி மூன்றையும் ஒழுங்காக உச்சரித்தால் கேட்கும்போதே வேறுபாடு தெரியும். 'பளம்' என்று சொல்லிப் பழகிய குழந்தை அப்படித்தான் எழுதும், அதற்குப் படம் என்ன செய்யும்? ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடுகிறது, ள-வுக்கு மடங்கி மேல்வாயைத் தொடுகிறது, ழ-வுக்கு வளைந்து வருடிவிட்டுப் போகிறது. இதைக் காட்ட ஒரு படமும் இல்லை, கேட்டுப் பழக ஒலிப்பதிவும் இல்லை. ஒரு கியூஆர் கோடு போட்டிருந்தால்கூடப் போதும். இப்போதைக்கு அந்த அட்டைகளைத் தனியே எடுத்து வைத்து, அவளை வாய்விட்டுச் சொல்ல வைத்த பிறகுதான் படத்தைக் காட்டுகிறேன்.

அப்புறம், சில படங்கள் சரியில்லை. 'அறம்' அட்டையில் கோபுரம் போட்டிருக்கிறார்கள், பார்க்கிற குழந்தை 'கோவில்' என்றுதான் சொல்லும். பசித்தவருக்குச் சோறு போடுவதுபோல வரைந்திருக்கலாமே.

எழுத்துக்கூட்டித் தடுமாறாமல் படிக்கும் குழந்தைகளுக்கு மட்டும் வாங்குங்கள். முதல் வகுப்புக் குழந்தையிடம் கரையையும் கறையையும் ஒன்றாக நீட்டினால் தெரிந்த எழுத்தும் குழம்பிவிடும்.