ஓவியச் சந்தைக்கு ஒரு மினிவேன்: ஹோண்டா ஒடிசியோடு பல வருட அனுபவம்

மிச்சிகனில் இருக்கிறேன். கோடை வந்தால் ஓவியச் சந்தைகளில் கடை போடுவது என் வழக்கம். வரைவது அக்ரிலிக் வண்ணத்தில், கேன்வாஸ் மேல். பெரிய படம் 30-க்கு 40 அங்குலம் வரும். கூடாரத்திலிருந்து கல்லாப்பெட்டி வரை எல்லாவற்றையும் பல வருடங்களாகச் சுமப்பது 2015 மாடல் ஹோண்டா ஒடிசி. புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள் "அக்கா, கார்கோ வேன் வாங்கலாமா, மினிவேன் போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அடியில் கடை போடுகிறவர்களுக்கு மினிவேன் தாராளமாகப் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வண்டியில் இடம் தீர்வதற்கு முன்னால் எடை தீர்ந்துவிடும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சரக்கு இரண்டும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். மினிவேன்களுக்குப் பொதுவாக 1,200-லிருந்து 1,500 வரை. கேட்க நிறையத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஏறினாலே 300 போய்விட்டது. காற்றுக்குக் கூடாரம் பறக்காமலிருக்க காலுக்கு 40 பவுண்டாவது கட்ட வேண்டும். நாலு காலுக்கு 160. அப்புறம் கூடாரம், படம் மாட்டுவதற்கான கம்பளத் துணி ஒட்டிய பேனல்கள், பிரிண்ட் வைக்கும் மரத் தொட்டிகள், நாற்காலி, தண்ணீர், கடைசியாகத்தான் படங்கள். கண்ணாடி போட்ட ஃப்ரேம்களை நான் விட்டதற்கு இந்த எடையும் ஒரு காரணம். பின் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பைகளைப் போட்டிருக்கிறேன். வண்டியின் பின்பக்கம் அமுங்காமல் நேராக நிற்கிறது, ஹெட்லைட் வானத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் அதைப் போட்டதால் ஸ்டிக்கரில் உள்ள எண் கூடிவிடாது. இதை நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஒடிசியின் மூன்றாவது வரிசை தரைக்குள் மடிந்து மறைந்துவிடும். இரண்டாவது வரிசையைக் கையால்தான் கழற்ற வேண்டும். கனமான சீட்டுகள், தனியாளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நான் மே மாதம் கழற்றினால் சீசன் முடிந்துதான் திரும்ப மாட்டுவேன். கழற்றிய பிறகு நாலுக்கு எட்டு அடி பிளைவுட் பலகை படுக்கையாகப் போகும், பின்கதவும் மூடும். முழு அளவு மினிவேன் வாங்குவதன் பலன் அங்கேதான் இருக்கிறது.

ஏற்றும் முறை இதுதான். ஏழடிப் பேனல்களை ஓட்டுநர் பக்கச் சுவரை ஒட்டி, நீளப் பக்கம் தரையில் இருக்க, சாய்க்காமல் நிறுத்துவேன். கழற்றிய சீட்டைப் பூட்டும் இரும்புக் கொக்கிகள் தரையில் அப்படியே இருக்கும். பட்டையை அவற்றில் மாட்டி இறுக்கினால் பேனல் அசையாது. எடைக்கட்டிகள் முன்சீட்டுக்குப் பின்னால், தரையோடு, அவையும் கட்டப்பட்டு. சடன் பிரேக் அடித்தால் 40 பவுண்டு இரும்பு எங்கே வரும் என்று யோசித்தாலே போதும், யாரும் கட்டாமல் விடமாட்டார்கள். படங்கள் நடுவில், செங்குத்தாக, முகத்தோடு முகம், முதுகோடு முதுகு, இடையில் அட்டை. கூடாரம் கடைசியாக ஏறும், ஏனென்றால் அதுதான் முதலில் இறங்க வேண்டும். மழையில் நனைந்த கூடாரத்துக்கென்று மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். ஈரம் கேன்வாஸ் பக்கம் போகவே கூடாது.

அக்ரிலிக் வரைகிறவர்கள் சூட்டைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் வெளியே இருப்பதைவிட 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடிவிடும். சூட்டில் அக்ரிலிக் இளகி ஒட்டும் பதத்துக்கு வரும். பபிள் ராப்பை நேராகச் சுற்றினால் அந்த வட்ட வட்டத் தடம் படத்தில் பதிந்துவிடும், பிறகு போகாது. கிளாசைன் என்ற வழுவழுப்பான மெல்லிய தாளை முதலில் போர்த்தி, அதன் மேல்தான் பபிள் ராப். குளிரில் நேர்மாறு: வண்ணம் விறைத்துப் போய், தட்டினால் விரிசல் விடும். அதனால் மிச்சிகன் குளிர்காலத்தில் இரவு முழுக்கப் படத்தை வண்டியில் விட்டு வைப்பதில்லை.

மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரத்து ஓவியச் சந்தை 1960-ல் தொடங்கியது. இப்போது ஜூலையில் சுமார் ஆயிரம் கலைஞர்கள் தெருவை நிறைக்கிற இடம். அங்கே சரக்கு இறக்க உங்களுக்கென்று நேரம் உண்டு. ஓரமாக நிறுத்தி, மளமளவென்று இறக்கிவிட்டு வண்டியை நகர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும்போது சறுக்குக் கதவின் அருமை தெரியும். தரை தாழ்வாக இருப்பது இன்னும் பெரிய உதவி. கார்கோ வேனில் ஒவ்வொரு பெட்டியையும் கூடுதல் உயரத்துக்குத் தூக்க வேண்டும்; நாள் முழுக்க நின்று விற்றுவிட்டு இரவில் திரும்ப ஏற்றும்போது முழங்கால் அதைச் சொல்லும்.

டொயோட்டா சியன்னா வாங்க நினைப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2021-லிருந்து அது ஹைப்ரிட் மட்டும்தான், மைலேஜ் அபாரம், ஆனால் இரண்டாவது வரிசை கழற்றுவதற்கென்று செய்யப்பட்டதல்ல. நம் வேலைக்கு அது பெரிய குறை. கிரைஸ்லர் பசிபிகாவில் இரண்டாவது வரிசையும் தரைக்குள் போய்விடும், எனக்கே பொறாமையாக இருக்கும். அதன் ஹைப்ரிட் மாடலில் மட்டும் அந்த இடத்தில் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது.

செலவு? நெடுஞ்சாலையில் கேலனுக்கு 28 மைல் என்று அரசுக் கணக்கு. சுமையோடு எனக்கு அவ்வளவு வருவதில்லை. 1,00,000 மைல் வாக்கில் டைமிங் பெல்ட் மாற்றுவது பெரிய செலவு, அதைத் தள்ளிப் போடாதீர்கள். சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் உள்ளே இருக்கும் படங்களுக்குப் பணம் தராது. ஏஜெண்டிடம் தொழிலுக்கு ஓட்டுவதைச் சொல்லி, படங்களுக்குத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது அளவு நாடாவை நம்பாமல் உங்கள் பேனல் ஒன்றையே எடுத்துப் போங்கள். பின்கதவு வழியாக உள்ளே விட்டு, முன்சீட்டை நீங்கள் ஓட்டும் நிலைக்கு நகர்த்தி, கதவை மூடிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.