ஆபீஸுக்கும் அதே கார், டிராக்குக்கும் அதே கார்: ஆறு வருடம், நாலு வகை பிரேக் பேட்

2019 ஆகஸ்ட். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் எனக்கு அது மூன்றாவது டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்ட விடும் நாள்), அன்றைக்கு இரண்டாவது செஷன், நாலாவது லேப். நேர்பாதை முடிகிற இடத்தில் வழக்கம்போல பிரேக்கை மிதித்தேன். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போனது. இரண்டு தடவை குத்திக் குத்தி மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. வண்டி வளைவைத் தாண்டி மண்ணில் இறங்கி, புழுதிக்குள் நின்றது. பம்பருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பிய்ந்துபோனதோடு சரி.

வண்டிகளை நிறுத்தும் பிட்டில் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "பேடை மாத்துங்க." டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடைத்தான் சொன்னார்கள். நானும் மாற்றினேன். காரோடு வந்த கம்பெனி பேடைவிட ஏறக்குறைய நாலு மடங்கு விலை. அடுத்த டிராக் டேயில், அதே செஷனில், அதே மாதிரி பெடல் உள்ளே போனது.

அன்றைக்குத்தான் அங்கே ரேஸ் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வயதான மெக்கானிக் ஒருவர் கேட்டார்: "தம்பி, பெடல் கல்லு மாதிரி இருந்து வண்டி நிக்கலையா, இல்ல பஞ்சு மாதிரி உள்ள போச்சா?" பஞ்சு மாதிரிதான் என்றேன். "அப்ப பேடு என்ன பண்ணும்? ஆயில் கொதிச்சிருக்கு."

இந்த ஒரு கேள்வியைத் தெரிந்துகொள்ளாமல் பேட் வாங்கப் போகக் கூடாது. பெடல் இறுக்கமாகவே இருந்து வண்டி மட்டும் நிற்காமல் போனால், பேடின் சூடு தாங்கும் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். பேடைக் கட்டிப் பிடிக்கும் ரெசின் கருகி, வாயு கிளம்பி, பிடிப்பு போய்விடும். பெடலே உள்ளே போனால், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரில் இருக்கும் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி விட்டிருக்கிறது. ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்.

என் காரில் இருந்தது மூன்று வருடப் பழைய ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சென்னை காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 4 என்ற தரத்தில் வரும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205, 140. ரேஸுக்கென்றே வரும் ஆயில்களில் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரியானவை புதிதில் 300 டிகிரியைத் தாண்டும். அதை ஊற்றி, நாலு சக்கரத்தின் பிரேக்கிலும் காற்றெடுத்த பிறகு இன்றுவரை பெடல் உள்ளே போகவில்லை. வருடம் ஒருமுறை மாற்றுகிறேன். முதல் முறையே இதைச் செய்திருந்தால் பேடுக்குக் கொடுத்த காசு மிச்சம்.

சரி, காரைப் பற்றி. சின்ன டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நான் ஏறி உட்கார்ந்தால் சுமார் 1,200 கிலோ. வாரம் ஐந்து நாள் அண்ணா நகரிலிருந்து கிண்டிக்கு ஆபீஸ். வருடத்துக்கு நாலைந்து தடவை டிராக். பெரும்பாலும் இருங்காட்டுக்கோட்டை, எப்போதாவது கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே. எந்த பிராண்ட் பேட் என்று எழுதப் போவதில்லை. ஒரே பிராண்ட் ஐந்தாறு கம்பௌண்ட், அதாவது உராயும் கலவை, விற்கிறது. அட்டைப் பெட்டியில் இருக்கும் பெயரைவிட, உள்ளே இருக்கும் கம்பௌண்ட் எந்தச் சூட்டுக்குச் செய்தது என்பதுதான் கணக்கு.

சூடு என்றால் எவ்வளவு? ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு இறக்கினால், அந்த 1,200 கிலோவின் வேகத்தில் சுமார் 740 கிலோஜூல் வெப்பமாக மாறுகிறது. இரண்டரை லிட்டர் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்துக் கொதிக்க வைக்க இவ்வளவு போதும். வீட்டு அடுப்பில் பத்து நிமிடம் ஆகிற வேலையை டிஸ்க்கும் டிரம்மும் சேர்ந்து மூன்று நாலு நொடியில் செய்கின்றன, அதிலும் பெரும்பங்கு முன்னால் இருக்கும் இரண்டு டிஸ்க்கின் தலையில். செய்துமுடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு. கரி ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர்தான், வேகமும் குறைவு, ஆனால் நேர்பாதைகள் சின்னவை. டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. வேகம் குறைந்த டிராக்தானே என்று அங்கே அசட்டையாகப் போய்த்தான் கம்பெனி பேடைக் கருக்கினேன்.

அந்தக் கம்பெனி பேடைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் குளிர்ந்த டிஸ்க்கிலும் முதல் மிதியிலேயே பிடிக்கும், சத்தம் கிடையாது, சக்கரத்தில் தூசு குறைவு, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. டிராக்கில் மூன்று லேப் நன்றாகப் பிடித்தது, நாலாவதில் நாற்றம், ஐந்தாவதில் கல் மாதிரி பெடல். கழற்றிப் பார்த்தால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தது, ஓரமெல்லாம் சாம்பல் பூத்து உதிர்ந்தது. அது செய்யப்பட்டது வேறு வேலைக்கு.

இரண்டாவது, முதலில் சொன்ன நாலு மடங்கு விலைப் பேட். வேகமாக ஓட்டுகிற தெருக் கார்களுக்கான, உலோகத்தூள் கலந்த செமி மெட்டாலிக். டிராக்கில் கம்பெனி பேடைவிட இரண்டு மூன்று லேப் கூடுதலாகத் தாங்கியது, அவ்வளவுதான். கொடுத்த காசுக்கு அது எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

மூன்றாவதில்தான் பெரிய தப்பு. முழு ரேஸ் பேட் வாங்கி, அதையே தெருவிலும் ஓட்டினேன். டிராக்கில் அதைப் போல வேறெதுவும் இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இருபது நிமிட செஷன் முழுக்க முதல் லேப் மாதிரியே பிடிக்கும். இன்னும் பத்து மீட்டர் தள்ளி மிதிக்கலாம் என்று காலே சொல்லும். ஆனால் அதற்கு வேலை செய்யவே இருநூறு டிகிரி வேண்டும். இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அண்ணா ஆர்ச்சிலிருந்து வீடு வரை சிக்னல் சிக்னலாக வந்து அளந்தால் டிஸ்க் நூறு டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. பளபளப்பான டிஸ்க்கில் அந்தத் துப்பாக்கி குறைத்துத்தான் காட்டும், அதைச் சேர்த்துக்கொண்டாலும் இருநூறு எட்டாது.

ஒரு டிசம்பர் காலை ஆறு மணி. அம்மாவை எழும்பூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகிறேன். தெருமுனையில் பால்காரர் டிவிஎஸ் குறுக்கே வந்தது. மிதித்தேன், கார் யோசித்தது. நின்றது, ஆனால் அவருடைய கேனுக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், "இதுக்கா அவ்ளோ காசு குடுத்து வாங்கின?" என்றார். பதில் இல்லை.

மற்றவையும் உண்டு. ஒவ்வொரு சிக்னலிலும் கீச்சென்று கத்தும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சத்தத்தை வைத்தே கேட்டைத் திறந்துவிடுவார். அந்தத் தூசில் இரும்புத்துகள் அதிகம், மழையில் நனைந்தால் துருப்பிடித்து அலாய் வீலில் ஆரஞ்சுப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. சூடேறாத நிலையில் அது டிஸ்க்கை அரம் மாதிரி ராவும். பதினோரு மாதத்தில் டிஸ்க்கின் தடிமன் குறைந்தபட்ச அளவுக்கு வந்துவிட்டது. அந்த அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். ஒருமுறை பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, தெருவுக்கும் டிராக்குக்கும் சேர்த்து என்று விற்கப்படும் வகை. குளிரில் கம்பெனி பேட் அளவுக்குக் கூர்மையாகப் பிடிக்காது, ஆனால் அம்மாவை நம்பி உட்கார வைக்கலாம். லேசான சத்தம், நிறையத் தூசு. டிராக்கில் ஏழெட்டு லேப் திடமாக இருக்கும், பிறகு மெல்லக் குறையும், திடீரென்று கைவிடாது. எனக்கு அதில் பிடித்ததே அந்த முன்னறிவிப்புதான். வருடத்துக்கு இரண்டு மூன்று டிராக் டே மட்டும் போகிறவர், ஒரே பேட் வேண்டும் என்று கேட்டால் இந்த வகையைத்தான் சொல்வேன், புது ஆயிலோடு சேர்த்து. இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

வாங்கும்போது பேடின் முதுகிலோ ஓரத்திலோ எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.55 வரை. ஜிஜி கிடைத்துவிட்டது, டிராக்குக்குத் தயார் என்று நினைக்க வேண்டாம். அந்தச் 'சூடு' என்பது 340 டிகிரிச் சொச்சத்தோடு முடிந்துவிடுகிறது, அதுவும் ஓர் அங்குலத் துண்டில் செய்கிற சோதனை. டிராக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐரோப்பிய ஆர்90 முத்திரை இருந்தால் தெருவுக்கு நல்ல அடையாளம்: கம்பெனி பேடின் பிடிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகியிருக்காது. முழு ரேஸ் பேடில் அந்த முத்திரையைத் தேடிப் பயனில்லை. இன்னொன்று, ஆன்லைனில் பாதி விலைக்கு வருவதை வாங்காதீர்கள். ஒரு முறை வாங்கினேன். பெட்டி, ஹாலோகிராம் எல்லாம் அச்சு அசல், ஆனால் உராயும் பகுதி இரும்புத் தகட்டிலிருந்து ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. வண்டியில் மாட்டவே இல்லை.

இப்போது இரண்டு செட் வைத்திருக்கிறேன். என் லேப் நேரம் குறையக் குறைய நாலாவது வகையும் போதாமல் போனது; சமரசம் செய்வதைவிட மாற்றிக்கொள்வது எளிது என்று தோன்றியது. தெருவுக்குக் கம்பெனி பேட், டிராக்குக்கு ரேஸ் பேட். டிராக் டேக்கு முந்தைய நாள் மாலை, பார்க்கிங்கில் ஜாக்கி போட்டு, காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, மேலே தூக்கிவிட்டு, பிஸ்டனை உள்ளே தள்ளி மாட்ட வேண்டியதுதான். முதல் முறை மூன்று மணி நேரம். இப்போது இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது நிமிடம். பிஸ்டனைத் தள்ளும் முன் ஆயில் டப்பா நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள், வழிந்தால் பெயின்டைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பத்துத் தடவை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதி காலி. பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை நான் அப்படித்தான் முட்டினேன்.

டிஸ்க்கும் இரண்டு ஜோடி. பேட் வேலை செய்வது டிஸ்க் மேல் அது பூசி வைக்கும் மெல்லிய படலத்தில்தான். ஒரு கம்பௌண்ட் பூசிய படலத்தின் மேல் இன்னொன்று வந்து உட்கார்ந்தால் சமமாகப் படியாது, ஸ்டியரிங் நடுங்கும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பட்டறையில் சொல்வார்கள்; பல நேரம் வளைந்திருக்காது, பூச்சு திட்டுத் திட்டாக ஏறியிருக்கும். புதுப் பேடை மாட்டியதும் பெட்டிங் செய்வதும் இதற்காகத்தான்: 100-லிருந்து 20 வரை எட்டுப் பத்துத் தடவை அழுத்தமாக, ஆனால் முழுதாக நிறுத்தாமல், பிறகு பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டு ஓட்டுவது. தெருப் பேடுக்கு விடியற்காலை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில், கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு செய்தேன். ரேஸ் பேடுக்கு அந்தச் சூடு தெருவில் வராது, அன்றைய முதல் செஷனை அதற்கே விட்டுவிடுகிறேன்.

செஷனின் கடைசி லேப்பில் பிரேக்கை அதிகம் தொடாமல் வருகிறேன். பிட்டில் நிறுத்தியதும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன். ஹேண்ட்பிரேக் கிடையாது. பின்னால் இருப்பது டிரம். சூடாக இருக்கும்போது டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவை இழுத்துப் பிடித்தால் ஆறும்போது அது டிரம்மைக் கவ்விக்கொள்ளும். பின்பக்கத்தில் நான் வேறெதையும் மாற்றவில்லை. பின்னால் பிடிப்பைக் கூட்டி, வளைவில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுற்றிவிடும்.

ரேஸ் பேட் இப்போது பாதிக்குக் கீழே வந்துவிட்டது, நேற்று அளந்தேன், ஐந்து மில்லிமீட்டர். தெருவில் இது இன்னும் ஓடும். டிராக்கில் பேட் மெலிந்தால் சூடு நேராகக் காலிப்பருக்குப் போய் ஆயிலைத்தான் முதலில் தொடும். புது செட்டுக்குச் சொல்லிவிட்டேன், வருவதற்குள் அடுத்த டிராக் டே முடிந்துவிடும். இந்த முறை ஓட்டாமல், கேமராவோடு மட்டும் போகிறேன்.