செப்டிக் டேங்குக்கு மண்ணு பாக்க 4,000 ரூவா, நாலு ஸ்டார் குடுக்கலாம்

மதுரை மேலூர் ரோட்டுல ஒத்தக்கடை தாண்டி 8 சென்ட் வாங்கிருக்கேன், பாதாள சாக்கடை அந்தப் பக்கம் இல்ல, செப்டிக் டேங்க் தான் கதி. டேங்க் பக்கத்துல 10 அடிக்கு சிமெண்ட் உறை இறக்கிட்டா டேங்க்லேர்ந்து வர்ற தண்ணி தன்னால மண்ணுல ஊறிரும்ணேன்னு கொத்தனார் சொன்னாப்ல. எடம் பழைய வயக்காடு, அதான் உறுத்துச்சு, சரின்னு மண் டெஸ்ட் பண்றவர கூப்ட்டேன்.

8 மணிக்கு வர்றேன்னுட்டு 11க்கு வந்தாப்ல, சித்திரை வெயிலு மண்டையப் பொளக்குது. ஆனா வேலை சுத்தம். ஒரு அடி அகலத்துல குழி தோண்டி, அடிப்பக்கம் 5 செமீ ஜல்லி போட்டு, அதுக்கு மேல 30 செமீ தண்ணி ஊத்தி ராத்திரி பூரா ஊறட்டும்னு விட்டுட்டாரு. எதுக்குங்கன்னு கேட்டா, காஞ்ச மண்ணு மொதல்ல மடக்கு மடக்குன்னு குடிக்கும் சார், ஊறி உப்புன பொறவு தான் அதோட நெஜ குணம் தெரியும்னாரு. மறுநாள் 15 செமீ தண்ணி நிப்பாட்டி அரை மணி நேரம் ஸ்கேல வச்சுக்கிட்டு குத்தவச்சு பாத்தோம், 18 மில்லிமீட்டர் தான் எறங்குச்சு. கணக்கு போட்டா 25 மில்லி எறங்க 42 நிமிஷம். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 2470 படி, அந்த 25 மில்லி 30 நிமிஷத்துக்குள்ள எறங்குனா தான் உறை குழியே போடலாமாம், 30லேர்ந்து 60ன்னா பைப்ப நீளமா ஓடவிட்டு வாய்க்கா மாதிரி பரப்பணும், 60 தாண்டுனா மண்ண நம்பவே கூடாது, வேற ஏற்பாடு தான்.

எனக்கு புடிச்சது அடுத்து செஞ்சது தான். ஆள் விட்டு 6 அடி குழி எடுக்கச் சொன்னாரு, சொட்டு ஈரம் கூட இல்ல, நான் ஆஹான்னு நிக்கிறேன், மனுசன் உள்ள எறங்கி 5 அடில ஒரு கட்டிய ஒடச்சு கைல குடுத்தாரு. சாம்பக் கலரு மண்ணுல துருப்புடிச்ச மாதிரி ஆரஞ்சு புள்ளி புள்ளியா இருக்கு. வருசா வருசம் தண்ணி இதுவரை ஏறி நின்னு வத்துது சார், இப்ப காஞ்சு கெடக்குறத நம்பாதீங்கன்னாரு. பக்கத்து வயக்கார பெரியவர கேட்டா, பெரியார் கால்வாய்ல தண்ணி விட்டு மழையும் சேந்துச்சுன்னா கார்த்திகைல கெணத்துல குனிஞ்சு மோந்துக்கலாம் தம்பின்றாரு. அப்ப கொத்தனார் சொன்ன 10 அடி உறைய இறக்கிருந்தா கக்கூஸ் தண்ணிய நேரா ஊத்துலயே கலந்து விட்ருப்போம், அத நம்ம போர்வெல்லே திருப்பி இழுத்துருக்கும்.

1.8 மீட்டருக்குள்ள, அதாவது 6 அடிக்குள்ள தண்ணி ஏறுற எடம்ங்கறதால மண்ணக் கொட்டி மேடு கட்டி, அதுக்குள்ள பைப் ஓட்டச் சொல்லிட்டாரு. மேட்டுலயா சாக்கடைன்னு கொத்தனார் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்காப்ல.

கொறைன்னா, மொத நாளே டேப்ப புடிச்சிருக்கணும். வாஸ்துப்படி போர் ஈசானில ஏற்கெனவே போட்டாச்சு, டெஸ்ட் குழிய வாயு மூலைல தோண்டிட்டாரு, ரெண்டாம் நாள் அளந்தா நடுவுல 45 அடி தான் இருக்கு. கழிவுத் தண்ணி ஊறுற எடம் போர்லேர்ந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கணுமாம், அதாவது 60 அடி. திரும்ப மேக்கால செவரு நடுவுல ஒரு குழி, திரும்ப ஒரு ராத்திரி, எக்ஸ்ட்ரா 1,000 ரூவா. நல்லவேள அங்கயும் ஏறக்குறைய அதே கணக்கு தான் வந்துச்சு. வாயு மூலைய விட்டுட்டோம்னு எங்கம்மா ரெண்டு நாளா பேசல, அதுக்கு அவர கொற சொல்ல முடியாது.

ரிப்போர்ட் நாலு பக்கம், முழுக்க இங்கிலீசு. கொத்தனார்ட்ட நீட்டுனா அதுல வெத்தலைய மடிப்பாரு. தமிழ்ல ஒரு பக்கம் கேட்டிருக்கேன், வந்துச்சுன்னா அஞ்சாவது ஸ்டாரையும் போட்டுர்றேன்.