பாக்கி கேட்டு வழக்கு வந்தால்: கவுண்டர் கிளெய்மா, தனி வழக்கா? எதிரே சுருக்கத் தீர்ப்பு

கோடவுன் தெருவில் துணி எடுத்துப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைப்பவர் ஒருவர். எட்டு லட்சத்துக்குச் சரக்கு. மூன்று லட்சம் கொடுத்தாயிற்று, ஐந்து பாக்கி. இரண்டாவது சலவையிலேயே நீலச் சாயம் வெள்ளைக் காலரில் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம் மொத்தத்தையும் திருப்பிவிட்டது. துணிக்கடைக்காரருக்கு அதெல்லாம் தெரியாது, பாக்கி வரவில்லை என்பதுதான் தெரியும். வழக்குப் போட்டுவிட்டார்.

இரண்டு மூன்று வழக்குகளைக் கலந்து நான் பிசைந்த கணக்கு இது, தனியாக யாருடையதும் இல்லை. தம்பு செட்டித் தெருவில் எங்கள் ஆபீஸ் படியேறுகிறவர்கள் முதலில் கேட்பது: "சார், அவர் மேல நாமளும் ஒரு கேஸ் போட்டுடலாமா?"

போடலாம். ஆனால் தனியாகப் போடுவது எனக்குப் பிடித்த வழி இல்லை. வணிக வழக்கு என்றால், அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வரை, முதலில் சமரசத்துக்குப் போய் வர வேண்டும். அது சட்டம் வைத்த கட்டாயம். அப்புறம் தனிச் சம்மன், தனி வாய்தா. ஒரே துணியைப் பற்றி ஒரு கோர்ட் நல்ல துணி என்றும் இன்னொரு கோர்ட் சாயத்துணி என்றும் சொல்லிவிடும் ஆபத்து வேறு. "நானும் வாதி" என்ற கெத்து ஒன்றுதான் லாபம்.

கவுண்டர் கிளெய்ம் அப்படியில்லை. அவர் போட்ட வழக்குக்குள்ளேயே நம் எதிருரையோடு, அதாவது வழக்குக்கு நாம் எழுதிக் கொடுக்கும் பதிலோடு, சேர்த்து வைக்கிற கோரிக்கை அது. சிவில் நடைமுறைச் சட்டம் 1908இல் வந்தாலும், 8ஆம் கட்டளையில் 6ஏ விதி 1976 திருத்தத்தில்தான் நுழைந்தது. கோர்ட் அதை ஒரு பிராதாகவே, அதாவது வழக்குப் போடும் மனுவாகவே, நடத்தும். வாதி பதில் போடாமல் இருந்தால் அவருக்கு எதிராகவே தீர்ப்பு வரலாம். நிலைமை சரியில்லை என்று அவர் தன் வழக்கை வாபஸ் வாங்கினாலும் நம்முடையது நிற்கும். இந்தக் கடைசிச் சங்கதிக்காகவே நான் இதன் பக்கம் சாய்வேன்.

செலவு குறையும் என்று மட்டும் நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் இதற்கும் பிராதுக்கு உள்ள அதே கோர்ட் ஃபீஸ்தான். 2017இல் 7.5 சதவீதம் 3 சதவீதமாக இறங்கியதால் பரவாயில்லை: ஆறு லட்சம் கேட்டால் பதினெட்டாயிரம்.

எதற்கு ஆறு லட்சம்? கொடுத்த மூன்று லட்சம், அதோடு தையல் கூலி, நூல், பட்டன் என்று ஒரு மூன்று. பாக்கி ஐந்து லட்சத்தை ஒழிக்க கவுண்டர் கிளெய்ம் தேவையே இல்லை. 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் 59ஆம் பிரிவு, சரக்கின் குறையைக் காட்டி விலையைக் குறைக்கவோ இல்லாமலே ஆக்கவோ பிரதிவாதி எதிர்வாதமாகக் கேட்கலாம் என்கிறது. ஆக, கொடுக்காமல் இருக்க எதிர்வாதம் போதும். திரும்ப வாங்கத்தான் கவுண்டர் கிளெய்ம். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கொட்டிய எதிருரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஜூனியராக இருந்தபோது எழுதியிருக்கிறேன்.

இந்தப் பிரிவினை காலக்கெடுவில்தான் கை கொடுக்கும். சரக்கு இறங்கி மூன்று வருடம் முடியப் பத்து நாள் இருக்கும்போது வாதி வழக்குப் போடுகிறார் என்று வையுங்கள். அவர் தப்பித்தார். நாம் நான்கு மாதம் கழித்து எதிருரையோடு கவுண்டர் கிளெய்ம் வைக்கிறோம். வாதியின் தேதி நமக்குக் கிடைக்காது. கோர்ட்டில் நாம் வைத்த நாள்தான் கணக்கு. மூன்று வருடம் தாண்டிவிட்டதால் ஆறு லட்சம் போச்சு. விலைக்குறைப்பு எதிர்வாதம் மட்டும் மிஞ்சும். வணிக வழக்கில் எதிருரைக்கே சம்மன் கைக்கு வந்ததிலிருந்து 120 நாள்தான், அதைத் தாண்டினால் அந்த உரிமையும் போய்விடும். எதிருரைக்குப் பிறகும் எழுவினா வனையும் வரை (எதையெல்லாம் தீர்மானிக்க வேண்டும் என்று கோர்ட் கேள்விகளாக வகுக்கும் வரை) கவுண்டர் கிளெய்மை அனுமதிக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது நீதிபதியின் விருப்பம், நம் உரிமை இல்லை.

சரி, எதிர்ப்பக்கம் போவோம். துணிக்கடைக்காரரின் வக்கீல் கையில் இருப்பது சுருக்கத் தீர்ப்பு. 2015 வணிக நீதிமன்றச் சட்டத்தோடு வந்த 13ஏ கட்டளை அது. முதலில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வழக்குகளுக்குத்தான். 2018இல் வரம்பு மூன்று லட்சமாக இறங்கியபின் நம் தெருக்களுக்கும் வந்துவிட்டது. சம்மன் பிரதிவாதி கையில் சேர்ந்தபின், எழுவினா வனைவதற்குமுன் மனு போட வேண்டும். பதிலுக்கு 30 நாள். பிரதிவாதி ஜெயிக்க உண்மையான வாய்ப்பே இல்லை என்றால் சாட்சிக் கூண்டு ஏறாமலே வழக்கு முடியும். (புரோநோட்டுக்குப் போடும் 37ஆம் கட்டளை வழக்கு வேறு, அப்படிப் போட்டவர் 13ஏ கேட்க முடியாது.)

கவுண்டர் கிளெய்ம் போட்டுவிட்டால் சுருக்கத் தீர்ப்பு மனு தானாக நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. கவுண்டர் கிளெய்மையே சுருக்கமாகத் தள்ளச் சொல்லியும் வாதி கேட்கலாம். "சரக்கு சரியில்லை" என்ற ஒற்றை வரி தாங்காது. வாதி டெலிவரி சலானை நீட்டுவார்: "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்", கீழே நம் ஆளின் ரப்பர் ஸ்டாம்ப். சாயம் இறங்குவது சரக்கு இறக்கும்போது தெரியாதே என்று நாம் சொல்லலாம், நல்ல பதில்தான். ஆனால் புகார் செய்த வாட்ஸ்அப், பள்ளியின் கடிதம், காலர் படம் எல்லாம் தேதியோடு வேண்டும். இவை அரைகுறையாக இருந்தால் நீதிபதி நடுவழி எடுக்கலாம்: ஜெயிப்பது சந்தேகம், பணத்தை டெபாசிட் செய்துவிட்டு வழக்காடு. சின்னத் தையல் யூனிட்டுக்கு அது தோற்றதற்குச் சமம்.

வாதிக்கும் சொல்கிறேன், சலான் மட்டும் இருந்து, புகார் வந்த வாட்ஸ்அப்புக்கு "பாத்துக்கலாம் பாய்" என்று பதில் போட்டிருந்தால் இந்த மனுவே வேண்டாம். அந்தப் பதில் முதல் நாளே கோர்ட்டுக்குப் போய்விடும்.

திரும்பி வந்த சட்டைகள் எங்கே என்று ஒருவரைக் கேட்டேன்.

"வைக்க இடம் இல்ல சார், எடைக்குப் போட்டுட்டேன். வீட்ல ஒண்ணு கரித்துணியா கெடக்கும்."

அதையாவது துவைக்காமல் கொண்டுவாருங்கள் என்றேன்.