அல்பாகா வாங்குறீங்களா, பிளட் டெஸ்ட் பேப்பரை மட்டும் நம்பிடாதீங்க

ஆஸ்திரேலியால விக்டோரியா பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி அல்பாகா (ஒட்டகத்துக்குச் சொந்தமான, கம்பளிக்காக வளர்க்கிற மிருகம்) வளர்க்கலாம்னு யோசிக்கிறவங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. எங்களுக்கு ஒருத்தர் "பிளட் டெஸ்ட் கிளியர்"னு பேப்பர் காட்டி, ஜோனிஸ் நோய் இருந்த பொட்டை அல்பாகாவைத் தலையில கட்டிட்டார்.

ஊர்ல ஆடு மாட்டுக்கு வர்ற அதே ஜோனிஸ்தான். காசநோய்க் கிருமியோட சொந்தக்கார பாக்டீரியா, குடல் சுவரைத் தடிக்க வச்சிடும், தின்னது உடம்புல ஒட்டாது, மருந்து குடுத்து குணமாக்கவும் முடியாது. பெரும்பாலும் குட்டியா இருக்கும்போது அழுக்கு மடியில பால் குடிச்சே தொத்திக்கும், வெளிய தெரிய வருஷக்கணக்குல கூட ஆகும்.

எங்க அல்பாகா நல்லாதான் தின்னுட்டு இருந்துச்சு, கம்பளி அடர்த்தியா இருந்ததால இளைச்சது யாருக்கும் தெரியல, ஒருநாள் முதுகுல கை வச்சு அழுத்திப் பார்த்தா நடு எலும்பு கத்தி மாதிரி கையில குத்துது. மாடு மாதிரி தண்ணியா கழியும்னு காத்திருக்காதீங்க, அல்பாகாவுக்கு கழிச்சலே இல்லாம கூட இருக்கும், எங்களோடதுக்கு புழுக்கை லேசா இளகுச்சு, அவ்ளோதான். வித்தவருக்கு போன் பண்ணினா "புழுவா இருக்கும், மருந்து ஊத்துங்க"ன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றார்.

வெட் (கால்நடை டாக்டர்) புழுக்கை எடுத்து பிசிஆர் (கிருமியோட மரபணு இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட்) அனுப்பினாங்க, பாசிட்டிவ். வேதனையைக் குறைக்க ஊசி போட்டு கருணைக்கொலை பண்ண வேண்டியதாயிடுச்சு. அறுத்துப் பார்த்தப்ப குடல் தடிச்சு, பக்கத்துல நிணநீர் முடிச்செல்லாம் வீங்கியிருந்துச்சு. அந்த ரத்த டெஸ்ட் ஆரம்பக் கட்டத்துல நோயைக் காட்டாது, அல்பாகா விஷயத்துல அதை வச்சு மட்டும் முடிவு பண்ணவே கூடாதுன்னு வெட் சொன்னாங்க.

என்னால தாங்க முடியாதது என்னன்னா, அதே மந்தையில வாங்கின இன்னொருத்தர், அவரோட அல்பாகா இதே நோயில செத்ததை நாங்க வாங்குறதுக்கு முன்னாடியே வித்தவர்கிட்ட சொல்லியிருக்கார். இங்க இது அரசாங்கத்துக்குச் சொல்லியே ஆகவேண்டிய நோய். தெரிஞ்சே மறைச்சு வித்திருக்கார், இப்பவும் விளம்பரம் போட்டுட்டுதான் இருக்கார்.

கிருமி மண்ணுல ஒரு வருஷத்துக்கு மேல கூட உயிரோட கிடக்கும், அதனால அந்த அல்பாகா புழுக்கை போட்ட இடத்துப் பக்கம் குட்டிங்களை விடாம வேலி போட்டு வச்சிருக்கோம். எங்க மத்த அல்பாகாவுக்கெல்லாம் புழுக்கை டெஸ்ட் போயிருக்கு. வாங்குறதா இருந்தா மந்தையோட புழுக்கை பிசிஆர் ரிசல்ட்டைக் கேளுங்க, இளைச்சு செத்தது ஏதாவது உண்டான்னு கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்க, மாட்டேன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க.